ஊர் மாறும் நாட்களுக்கு ஒரு சங்கீதம்

வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போகிறீர்களா? சாமான் கட்டும்போது வேதாகமத்தை ஏதோ ஒரு அட்டைப்பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். இரவில் எல்லோருமாக உட்கார்ந்து சங்கீதம் 121-ஐச் சத்தமாக வாசியுங்கள். 8 வசனங்கள்தான். எருசலேமுக்கு யாத்திரை போனவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் 15 ஆரோகண சங்கீதங்களில் ஒன்று, பயணத்துக்கென்றே எழுதியது போல இருக்கும். ‘உன் போக்கையும் உன் வரத்தையும்’ கர்த்தர் காப்பார் என்று முடிகிறது.

அப்புறம் ஜெபம். பொத்தாம்பொதுவாக வேண்டாம். பிள்ளையின் பள்ளி அட்மிஷன், வீட்டு அட்வான்ஸ், அம்மாவின் மருந்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், ஸ்தோத்திரத்தோடு. பிலிப்பியர் 4:6 அதைத்தான் கேட்கிறது. அதைப் பவுல் எழுதியது சிறையிலிருந்து, வசதியாக உட்கார்ந்து சொன்ன ஆறுதல் இல்லை.

வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் டாக்டரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. புது ஊரில் முதல் ஞாயிறே பக்கத்துச் சபைக்குப் போய்விடுங்கள். பாத்திரங்களை மதியம் அடுக்கிக்கொள்ளலாம்.