சம்பள நாளும் நைட் ஷிப்ட்டும்: ரிமைண்டில் தேதிக் கணக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டும் குத்தகைக்காரர் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். ஆள் சேர்ப்பதெல்லாம் மண்டோர் (மேஸ்திரி) வேலை, என் தலைவலி தேதிகள்தான். அதற்கு லினக்ஸில் ஓடும் ரிமைண்ட் என்ற நிரலை வைத்திருக்கிறேன். ஒரே ஒரு டெக்ஸ்ட் கோப்பு, வரிக்கு ஒரு நினைவூட்டல். கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், கோப்பில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

முதலில் ஒன்று பிடிபட வேண்டும். ரிமைண்டுக்குத் தேதி என்பது வெறும் எண். 1990 ஜனவரி 1 பூஜ்யம், அங்கிருந்து எத்தனையாவது நாள் என்பதுதான் கணக்கு. தேதியிலிருந்து தேதியைக் கழித்தால் நாள்கள் வரும். தேதியோடு எண்ணைக் கூட்டினாலோ கழித்தாலோ இன்னொரு தேதி வரும். 2025 தீபாவளி அக்டோபர் 20. '2025-10-20' - 21 என்றால் செப்டம்பர் 29. முன்பணம் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கும் நாள்! தேதியோடு தேதியைக் கூட்டச் சொன்னால் முடியாது என்றுவிடும்.

இப்போது சம்பளம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். எங்கோ பார்த்த வரியை அப்படியே ஒட்டினேன்: ரெம் 7 ஓமிட் சேட் சன் பிஃபோர். ஏழாம் தேதி சனி, ஞாயிறில் விழுந்தால் முந்தின வேலை நாளுக்கு நகர்த்து என்று பொருள். 2024 செப்டம்பர் 7 சனிக்கிழமை. நிரல் என்னை 6-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, எழுப்பியது. கெடாவில் வெள்ளியும் சனியும்தானே விடுமுறை! பேங்க் பூட்டிக் கிடந்தது. அன்று வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அதை ஃப்ரை சேட் என்று மாற்றியதும் சரியாக வியாழன், 5-ஆம் தேதி வந்தது. மெர்டேக்கா (சுதந்திர தினம்) போன்ற நாள்களுக்குத் தனியாக ஓமிட் 31 ஆகஸ்ட் என்று ஒரு வரி மேலே எழுதிவிடுங்கள்.

மாதக் கடைசி நாளுக்கு ரெம் 1 --1. ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு நாள் பின்னே. பிப்ரவரி 28-ஆ 29-ஆ என்று நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. ஒற்றை மைனஸ் விடுமுறைகளைத் தாண்டி எண்ணும், இரட்டை மைனஸ் எல்லா நாளையும் எண்ணும். முன்கூட்டியே சொல்ல வைக்கும் பிளஸ்ஸும் அப்படியே.

வெட்டுச் சுற்று எங்களுக்கு 12 நாளுக்கு ஒருமுறை. ரெம் 2025-03-03 *12 ஓமிட் ஃப்ரை சேட் ஆஃப்டர். அடுத்த சுற்று மார்ச் 15, சனி. ஆஃப்டர் அதை ஞாயிறு 16-க்குத் தள்ளும். ஆனால் அதற்கடுத்தது 28 அல்ல, 27. நகர்த்திய நாளிலிருந்து எண்ணாது, மூல நாளிலிருந்துதான் எண்ணும். மண்டோருக்கு இதை விளக்கிச் சொல்லவே ஒரு கோப்பி ஆறிப்போனது.

நேரம் வேறு மாதிரி. அது நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்ற எண். 1440-ஐத் தொட்டதும் மறுபடி பூஜ்யம். ஆலையில் இரவு 20:00-க்கு ஏறும் தம்பி 12 மணி நேரம் வேலை பார்த்தால் 20:00 + 720, விடை 8:00. இது சரி. ஆனால் 8:00 - 20:00 கேட்டேன், -720 என்றது. தம்பி ஆலைக்கு 12 மணி நேரம் பாக்கி வைத்த மாதிரி! விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் 1440 கூட்டுங்கள். இல்லையென்றால் தேதியும் நேரமும் சேர்ந்த டேட்டைம் வகையில் இரண்டையும் எழுதிக் கழியுங்கள், அதுதான் சுத்தம்.

அப்பா பிறந்தது 1954 ஜனவரி 3. 1990-க்கு முந்திய தேதியை நிரல் ஏற்காது, அதனால் வருடத்தை மட்டும் கழிக்கிறேன்: இயர்(ட்ரிக்டேட்()) - 1954. இங்கே டுடே() போட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் முன்பே சொல்ல +7 வைத்திருந்தால், டிசம்பர் கடைசியில் அது பழைய வருடத்தை எடுத்து ஒரு வயதைக் குறைத்துவிடும். ட்ரிக்டேட்() நினைவூட்டல் விழும் நாளையே பார்க்கும்.

எல்லாம் எழுதி முடித்ததும் ரிமைண்ட் -சி12 என்று ஓட்டி, பன்னிரண்டு மாத நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். நான் அதை மளிகைக்கடை காலண்டர் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ஏழாம் தேதியையும் விரல் வைத்துப் பார்ப்பேன்.