கடலோர ஊரில் போதைத் தடுப்பு: கமிட்டி அமைப்பதிலிருந்து கடலுக்குத் திரும்பும் நாள் வரை

மத்திய அரசின் நஷா முக்த் பாரத் இயக்கம் 2020 ஆகஸ்ட் 15 அன்று 272 மாவட்டங்களில் தொடங்கியது. வேலையை மூன்று துறைகளுக்குப் பிரித்திருக்கிறார்கள். கடத்தலைத் தடுப்பது போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு, விழிப்புணர்வும் மறுவாழ்வும் சமூக நீதித் துறை, சிகிச்சை சுகாதாரத் துறை. மாவட்ட அளவில் காவல்துறை உட்பட எல்லாத் துறையையும் ஒரே மேசையில் உட்கார வைக்க ஆட்சியர் தலைமையில் ‘என்கார்டு’ குழு இருக்கிறது. ஏற்பாடு சரிதான். ஊருக்குள் வந்து சேரும்போதுதான் விற்கிறவனும் அதில் விழுந்தவனும் ஒரே பட்டியலில் ஏறிவிடுகிறார்கள். பட்டியல் ஸ்டேஷனுக்குப் போகும். விழுந்தவன் வீட்டுக்குள் ஒளிவான், விற்கிறவன் இரண்டு ஊர் தள்ளிப் போய்க் கடை போடுவான். ராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை ஊர்க் கமிட்டி, படகுச் சங்கம், ஜமாத், தேவாலயப் பங்குப் பேரவை எதை நடத்துகிறவர்களானாலும் இந்த இரண்டையும் முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

கமிட்டியும் இரண்டு நோட்டும்

ஏழு முதல் ஒன்பது பேர் போதும். படகு உரிமையாளர் ஒருவர், கூலிக்குக் கடலுக்குப் போகிறவர் ஒருவர், பள்ளி ஆசிரியர், கிராம சுகாதார செவிலியர், மகளிர் குழுவிலிருந்து குறைந்தது மூன்று பேர். வீட்டில் யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது பெண்களுக்குத்தான் முதலில் தெரியும். சந்துக்கடை (திருட்டுத்தனமாக விற்கும் இடம்) நடத்துகிறவருக்குச் சொந்தக்காரர் எவரையும் சேர்க்க வேண்டாம். முகத்துக்காக ஒருவரைச் சேர்த்தாலும் கமிட்டி பேசுவதெல்லாம் மறுநாள் அங்கே போய்விடும்.

முதல் நோட்டில் சரக்கு, அதாவது விற்பனைக்கு வரும் போதைப்பொருள், பற்றிய தகவல் மட்டும்: இடம், நேரம், வண்டி எண், எந்த நாட்களில் வருகிறது. உபயோகிக்கிறவர் பெயர் அதில் ஒன்றுகூட வரக்கூடாது. இரண்டாவது நோட்டு சிகிச்சைக்கு. அது செவிலியர் கையில் மட்டும் இருக்கட்டும், கமிட்டித் தலைவர் கேட்டாலும் காட்டக்கூடாது. அபராதம், ஊர்விலக்கு, கம்பத்தில் கட்டி வைப்பது எல்லாம் சட்டப்படி குற்றம். அதைவிட, ஒருவனுக்கு அப்படிச் செய்துவிட்டால் அடுத்தவனுடைய தாய் உங்களிடம் வரவே மாட்டாள்.

சரக்கு பற்றித் தகவல் சொல்வது

தமிழக மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு 10581, மத்திய அரசின் மானஸ் உதவி எண் 1933, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. “அவன் ஆள் சரியில்லை” என்று சொன்னால் எதுவும் நடக்காது. “செவ்வாய், வெள்ளி இரவு பத்து மணிக்கு மேல் இந்த எண் ஆட்டோ பழைய ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் நிற்கிறது” என்றால் நடக்கும். போதைப்பொருள் தடுப்புக்கான என்டிபிஎஸ் சட்டம் 1985-ன் 68-வது பிரிவுப்படி, தகவல் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் தெருவில் நின்று சத்தமாகப் போன் பேசினால் எந்தப் பிரிவும் காப்பாற்றாது.

கரை ஒதுங்கும் பொட்டலங்கள் இங்கே தனிச் சிக்கல். ரோந்துப் படகைக் கண்டு கடலில் தள்ளிவிட்ட மூட்டைகள் இரண்டு மூன்று நாளில் எங்காவது ஏறும். பிரிக்காதீர்கள், வீட்டுக்கோ மீன் வாடிக்கோ தூக்கிப் போகாதீர்கள். கையில் இருந்தாலே வழக்கு, “கண்டெடுத்தேன்” என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய சுமை உங்கள் தலையில் விழும். தள்ளி நின்று, சுற்றுப்புறம் தெரியும்படி வீடியோ எடுத்து 1093-க்குச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தைக் குறித்துவையுங்கள், ஆள் வரும்வரை இரண்டு பேர் அங்கேயே நில்லுங்கள். கடலில் மிதந்தால் படகில் ஏற்ற வேண்டாம். ஜிபிஎஸ் குறியீட்டை எடுத்துக்கொண்டு படகு வயர்லெஸ்ஸில் (விஎச்எப்) 16-வது சேனலில் அல்லது 1554-ல் சொல்லிவிட்டு விலகிப் போங்கள்.

படகு வைத்திருப்பவருக்கு

வாடகை கேட்டு வருகிறவர் முதல்முறை பீடி இலை என்பார், அடுத்து மஞ்சள், கடல் அட்டை. பிறகு மூட்டை கட்டியே வரும், உள்ளே என்ன என்று சொல்லமாட்டார். கஞ்சாவும், நரம்பு வலிக்குத் தரும் ப்ரிகபாலின் மாத்திரையும் இலங்கைப் பக்கம் இப்படித்தான் போகின்றன. வலை ஏற்றாமல், ஐஸ் ஏற்றாமல், கேன் கேனாக எண்ணெய் மட்டும் ஏற்றுகிறவர் மீன் பிடிக்கப் போகவில்லை. ஒரு நல்ல பாடு (ஒரு பயணத்து மீன் வரவு) தருவதைவிட அதிக வாடகை தருகிறேன் என்றாலும் அதே கணக்குதான்.

தெரிந்தே படகைக் கொடுத்தால் என்டிபிஎஸ் சட்டம் 25-வது பிரிவில், ஏற்றிப் போனவனுக்கு உள்ள அதே தண்டனை. கஞ்சா 1 கிலோவுக்குள் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். மெத்தாம்பெட்டமைனுக்கு 2 கிராம், 50 கிராம். வணிக அளவு என்றால் குறைந்தது 10 ஆண்டு, ஜாமீனும் எளிதில் வராது. தெரியாமல் போனாலும் 60-வது பிரிவில் படகு பறிமுதலாகலாம். அதைத் தடுக்க, “எனக்குத் தெரியாது” என்றால் மட்டும் போதாது. நீங்களும் படகைப் பொறுப்பில் வைத்திருந்தவரும் முடிந்த எச்சரிக்கை எல்லாம் எடுத்தீர்கள் என்று காட்ட வேண்டும்.

அதற்கு ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, போனவர் பெயர், மீனவர் அடையாள அட்டை எண், மீன்வளத் துறை டோக்கன் எண், எத்தனை லிட்டர் எண்ணெய், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், பாடு. ஒவ்வொரு பயணத்துக்கும் கையெழுத்து வாங்குங்கள். அவுட்போர்டு எஞ்சினை இரவில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கழற்றச் சிரமம் என்றால் எண்ணெய்க் குழாயையாவது உருவி வையுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இதைவிடக் கடுமை. இலங்கைச் சட்டத்தில் 2 கிராம் ஹெராயினுக்கே மரண தண்டனை வரை போகலாம். 2014 அக்டோபரில் கொழும்பு உயர் நீதிமன்றம் ஹெராயின் வழக்கில் தமிழக மீனவர் 5 பேருக்கு அந்தத் தண்டனையை விதித்தது. குற்றத்தை மறுத்து வந்த அவர்கள் நவம்பரில் விடுவிக்கப்பட்டார்கள், அதற்குள் சிறையில் மூன்று வருடம் போய்விட்டது.

நிறுத்த விரும்புகிறவருக்கு

என்டிபிஎஸ் சட்டத்தில் பலருக்குத் தெரியாத பிரிவு 64ஏ. உபயோகித்ததற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு வந்தவர், தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெறலாம். நிபந்தனை இரண்டு: இடம் அரசு மருத்துவமனையாகவோ அரசு அங்கீகரித்ததாகவோ இருக்க வேண்டும், சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். பாதியில் ஓடிவந்தால் விலக்கு ரத்தாகலாம். அங்கீகாரமில்லாத மையத்தில் லட்சம் செலவழித்தாலும் இந்தப் பலன் இல்லை. செவிலியர் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி நிறுத்தும் முறை. எல்லாப் போதையும் ஒரே மாதிரி விடுவதில்லை.

குடி: இந்தக் கரையில் அதிகம் சாகடிப்பது இதுதான், என்டிபிஎஸ் சட்டத்துக்குள் வராது என்பதால் கமிட்டிகள் கண்டுகொள்வதில்லை. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் வரும், 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல். அந்த நிலை உயிரைக் குடிக்கும். “ரெண்டு நாள் தொழிலுக்குக் கூட்டிப்போனா தானா நின்னுடும்” என்று சம்மாட்டிகள் (படகு முதலாளிகள்) சொல்வார்கள். காலையில் ராமேஸ்வரத்தில் கிளம்பி மறுநாள் கரை சேரும் விசைப்படகில், வலிப்பு வரும் நேரம் சரியாக இரவு வலை இழுக்கும் நேரத்தில் வந்து விழும். ஆள் தண்ணீருக்குள் போனால் தேடவும் முடியாது. நிறுத்தி முதல் வாரம் யாரையும் படகில் ஏற்றாதீர்கள்.

படகிலோ கரையிலோ வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, பக்கத்தில் உள்ள இரும்பு, கயிற்றை விலக்குங்கள். கையில் சாவி கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தால், 108.

காலையில் எழுந்ததும் கை நடுக்கம் தீரக் குடிக்கிறவர், முன்பு வலிப்பு வந்தவர், மஞ்சள் காமாலை உள்ளவர் ஆகியோருக்கு வீட்டில் நிறுத்தும் வேலையே வேண்டாம், மருத்துவமனையில் படுக்க வைக்க வேண்டும். சோர்வாக இருக்கிறார் என்று உள்ளூரில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதும் ஆபத்து. நாள்பட்ட குடியில் உடம்பில் பி1 சத்து வற்றியிருக்கும். தயமின் (அதே பி1) ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். “தயமின் போட்டாச்சா?” என்று நீங்களே கேளுங்கள்.

“தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்” என்று விளம்பரம் செய்யும் பொடியை வாங்கவே கூடாது. அதில் டைசல்ஃபிராம் (குடியை நிறுத்தத் தரும் மருந்து) இருந்து, மேலே அவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து இறக்கக்கூட நேரலாம். கடைசி வேளை மருந்து சாப்பிட்டு இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து இருக்கிறது. மருத்துவர் அதைத் தருவது நோயாளியின் சம்மதத்தோடு மட்டும்தான்.

ஹெராயின், வலி மாத்திரை: 8 முதல் 12 மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, எலும்பு வலி தொடங்கும். இரண்டு மூன்று நாள் உச்சம், பத்து நாளில் அடங்கும். பொதுவாக இது கொல்வதில்லை. கொல்வது அதற்குப் பிறகு. பத்து நாள் விட்டவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலமாகி, மூச்சு விட்டு விட்டு வந்தால் 108-ஐ அழைத்து வாயோடு வாய் மூச்சுக் கொடுங்கள், மூச்சு சீரானதும் ஒருக்களித்துப் போடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் பியூப்ரெனார்ஃபின் மருந்தை வைத்து மாதக்கணக்கில் நடத்தும் சிகிச்சைதான் இதற்கு நிலைக்கிறது. “ஒரு போதைக்கு இன்னொரு போதையா” என்று குடும்பத்தார் பாதியில் நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டவர்களுக்கு நம்பிக்கை மையத்தில் இலவசமாக எச்ஐவி பரிசோதனை செய்யுங்கள், ஹெபடைடிஸ் பி, சி-யும் பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்க மாத்திரை, ப்ரிகபாலின்: ஒரேயடியாக நிறுத்தவே கூடாது, வலிப்பு வரும். மருத்துவர் வாராவாரம் அளவைக் குறைப்பார். கஞ்சா: இரண்டு வாரம் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை. யாரோ பேசுவது காதில் கேட்கிறது, எல்லோரும் சதி செய்கிறார்கள் என்று சொன்னால் மட்டும் உடனே மனநல மருத்துவர்.

எங்கே போவது என்று கேட்க போதை மீட்பு உதவி எண் 14446, இரவில் மனம் தடுமாறினால் மனநல உதவி எண் 14416. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கே நேராகப் போங்கள்.

தனியார் மையம் என்றால்

மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்றைக் கண்ணால் பாருங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எந்த நாள் வருகிறார், குடும்பத்தோடு போன் பேசவிடுவார்களா, மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். இரவில் வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிப் போகிறோம் என்பவர்களிடம் விடாதீர்கள். சம்மதிக்கும் நிலையில் இல்லாதவரைச் சேர்க்க 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 89-வது பிரிவு இருக்கிறது: மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து எழுதித் தர வேண்டும், அதிகபட்சம் 30 நாள். சங்கிலி போடுவதை அதே சட்டம் முழுதாகத் தடை செய்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் செத்ததை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

பள்ளியும் மருந்துக்கடையும்

ஊர்வலம், உறுதிமொழி எல்லாம் ஒரு நாள் கூத்து. ஊசி, பொட்டலம் படம் காட்டுவது ஆர்வத்தைத்தான் கிளப்பும். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் கூல் லிப் புகையிலையோ சிகரெட்டோ விற்கிறதா என்று மாதம் ஒருமுறை நடந்து பார்ப்பது பயன் தரும். சிறுவனைச் சரக்குக் கொண்டுபோக அனுப்பினால் சிறார் நீதிச் சட்டம் 78-வது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. இதைப் பெட்டிக்கடைக்காரரிடம் ஒருமுறை சொன்னாலே பாதி வேலை முடிந்தது. சீட்டில்லாமல் மாத்திரை தரும் மருந்துக்கடை பற்றி மருந்து ஆய்வாளருக்கு எழுதுங்கள். சீட்டு இருந்தால் மட்டும் விற்க வேண்டிய எச்1 மருந்துகளுக்கு மூன்று வருடப் பதிவேடு அங்கே இருந்தாக வேண்டும்.

திரும்பி வந்த பிறகு

முதல் மூன்று மாதம் வலை பிரிப்பு, ஐஸ் ஏற்றுவது, மீன் தரம் பிரிப்பது என்று கரை வேலை கொடுங்கள். பங்குப் பணம் அன்றன்றைக்குக் கையில் விழாமல் வாரக் கணக்காக வீட்டுக்குப் போகட்டும், அவர் சம்மதத்தோடு. மறுபடி விழுந்தால் செவிலியர் நோட்டில் தேதி, காரணம் குறித்து, அதே வாரம் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம்தான் மிக மோசம். வேலை இல்லை, நிவாரணம் மொத்தமாக வருகிறது, வாடகைக்குப் படகு கேட்கிறவனும் அப்போதுதான் நாட்டுப்படகுக்காரர்களிடம் வருகிறான். ஏடிஎம் அட்டை யாரிடம் இருக்கும் என்பதை மார்ச் மாதமே பேசி முடியுங்கள், மருத்துவரைப் பார்க்கும் நாட்களையும் அந்த இரண்டு மாதத்தில் நெருக்கமாக வாங்கிவையுங்கள். மே 1 கிராம சபை இதற்குள் வருகிறது, எல்லோரும் கரையில் இருப்பார்கள். “போதையை ஒழிப்போம்” என்று தீர்மானம் போடாமல், மாதம் இருமுறை மனநல மருத்துவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும், தயமின் ஊசி இருப்பில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். தீர்மான நகலைச் செயலரிடம் கையெழுத்துடன் வாங்கி, என்கார்டு கூட்டத்தில் வைக்கச் சொல்லி ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.