கோ-கார்ட் இன்ஜினுக்குக் கேம்ஷாஃப்ட் தேர்ந்தெடுத்தல்

பண்ருட்டிப் பக்கம் பம்ப் செட்டிலும் களையெடுக்கும் கருவியிலும் ஓடுகிற ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினைத்தான், கோ-கார்ட் என்ற சிறு பந்தய வண்டியைக் கட்டும் கல்லூரி மாணவர்கள் பலரும் முதலில் நினைக்கிறார்கள். ஹோண்டா ஜிஎக்ஸ்160 அவ்வகையில் நன்கு அறியப்பட்டது. 68 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 45 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 163 சி.சி. கொண்ட அந்த இன்ஜினின் திறன் 3600 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்திற்கான சுற்றுகள்) குறிக்கப்படுகிறது, அதன் டார்க் (சுழற்று விசை) உச்சமோ 2500-லேயே வந்துவிடுகிறது. வேகம் மாறாமல் மணிக்கணக்கில் தண்ணீர் இறைப்பதற்காக அமைந்த கேமை, அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டை, மாற்றினால் கார்ட் விரைவாக ஓடும் என்பது உண்மைதான். எந்தக் கேம் என்பதை மட்டும் விற்பனைப் பட்டியலில் உள்ள குதிரைத்திறனைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

போட்டி விதிகளை முதலில் படித்துவிடுங்கள். கம்பெனி கேம் தவிர வேறெதையும் ஏற்காத பிரிவுகள் உண்டு. அப்படியானால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. (ரோட்டாக்ஸ் மேக்ஸ் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட்டே கிடையாது.)

அடுத்து, ஓடுதளத்தை அளந்துகொள்ள வேண்டும். மிக மெதுவாகத் திரும்ப வேண்டிய வளைவில் மணிக்கு 25 கி.மீ., நீண்ட நேர்பாதையின் முடிவில் 60 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 11 அங்குல விட்டமுள்ள பின் டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 0.88 மீட்டர் நகரும்; எனவே அச்சு வளைவில் நிமிடத்திற்கு ஏறக்குறைய 475 முறையும், நேர்பாதை முடிவில் 1140 முறையும் சுழலும். கிளட்ச்சில் 12 பல், அச்சில் 60 பல் ஸ்பிராக்கெட் (சங்கிலிச் சக்கரம்) இருந்தால் இன்ஜின் சுமார் 2400 முதல் 5700 ஆர்.பி.எம். வரை உழைத்தாக வேண்டும். அச்சில் 53 பல்லைப் பூட்டினால் இதே எல்லை 2100 முதல் 5000 வரை என்று கீழிறங்கும். கவனியுங்கள்: ஸ்பிராக்கெட் இந்த வேக எல்லையை மேலும் கீழும் நகர்த்துமே தவிர, அதைக் குறுக்காது. அறுபதை இருபத்தைந்தால் வகுத்தால் வரும் 2.4 என்ற விகிதம் தளத்தின் சொத்து. கியர் மாற்ற வழியில்லாத கார்ட்டில், அந்த விகிதம் முழுவதும் இழுக்கக்கூடிய கேம்தான் உங்களுக்கு உரியது. வளைவு முடிந்து வெளியேறும்போது கிளட்ச் சற்று வழுக்கி இன்ஜினைக் காப்பாற்றும் என்று நம்புவோர் உண்டு. ஓரளவு காப்பாற்றும், ஆனால் சுற்றுக்குச் சுற்று வழுக்கினால் கிளட்ச் சூடேறி லைனிங் தீய்ந்துபோகும்.

கேமின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது டியூரேஷன், அதாவது வால்வு திறந்திருக்கையில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) சுழலும் டிகிரிகளின் அளவு. டியூரேஷன் நீளும்போது இன்டேக் வால்வு தாமதமாக மூடுகிறது. அதிக வேகத்தில், பாய்ந்து வரும் கலவையின் உந்தம் அந்தக் கூடுதல் நேரத்தில் சிலிண்டரை மேலும் நிரப்புகிறது. குறைந்த வேகத்திலோ, மேலேறும் பிஸ்டன் அதே கலவையைக் கார்புரேட்டருக்கே திருப்பித் தள்ளுகிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு மெதுவான ஓட்டத்தில் பார்த்தால், கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் மூடுபனிபோல் நிற்பதைக் காணலாம். பட்டியலில் தரப்படும் மொத்த டியூரேஷனை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுவதால், 0.050 அங்குல லிஃப்டில் (தூக்கப்படும் உயரம்), அதாவது 1.27 மி.மீ.யில், அளந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். உங்கள் பழைய கேமையும் டிகிரி வட்டும் டயல் கேஜும் கொண்டு அதே முறையில் அளந்துகொள்வது நல்லது. 2.4 என்ற விகிதமுள்ள தளத்திற்கு, பழையதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடியதோடு நின்றுகொள்வதே என் பரிந்துரை. வளைவுகள் அகன்று, விகிதம் 1.7 அளவுக்குச் சுருங்கினால் இன்னும் துணியலாம்.

லிஃப்ட் கூடுவதால் குறைந்த வேகத்தில் பெரிய இழப்பு இல்லை. அதன் விலை வேறிடத்தில் கேட்கப்படும். முழு லிஃப்டில் வால்வு ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிடெய்னர், வால்வுத் தண்டு நகரும் குழாயான வால்வு கைடில் இடிக்கக் கூடாது. பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றினால் வால்வு பதிந்த தடம் தெரியும். அங்கே எஞ்சிய மண்ணின் தடிமன் 2 மி.மீ. இருந்தால் அச்சமில்லை. வேகம் கூடும்போது வால்வு கேமைப் பின்தொடராமல் மிதப்பதைத் தடுக்கக் கடினமான ஸ்பிரிங் தேவை, ஆனால் தேவைக்கு மேல் கடினமானது லோபையும் (கேமின் மேடு) அதன்மேல் அமரும் டேப்பட்டையும் தேய்த்துவிடும்.

5700 ஆர்.பி.எம். என்பது 3600-ஐவிட 1.6 மடங்குக்குச் சற்றுக் குறைவுதான்; ஆனால் கனெக்டிங் ராட் தாங்க வேண்டிய நிலைம விசை வேகத்தின் இருமடியாக ஏறுவதால் அது இரண்டரை மடங்காகிறது. இன்ஜின் வேகத்தை மட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றிவிட்டுக் கம்பெனி ராடையும் வார்ப்பிரும்பு ஃப்ளைவீலையும் அப்படியே வைத்திருப்பது ஓட்டுநரின் உயிரோடு விளையாடுவது. வலுவான ராடுக்கும் ஃப்ளைவீலுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் கேமை இப்போது வாங்க வேண்டாம்.

பழைய கேமையே லேத் பட்டறையில் தேய்த்துக்கொள்ளலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. அடிவட்டத்தைத் தேய்த்து லிஃப்டைக் கூட்டுவது முடியக்கூடியதே. ஆனால் கடினமாக்கப்பட்ட மேல்தோல் போய்விட்டால் லோப் சீக்கிரமே உருண்டைப்பட்டுவிடும். கேம் கிரைண்டிங்குக்கென்று எந்திரம் உள்ளவரிடம் அன்றி இதைச் செய்ய வேண்டாம். புதியதாக வாங்கினாலும் கடற்காற்றை மறக்காதீர்கள்: கடலூர் முதுநகரிலோ தேங்காய்த்திட்டிலோ எண்ணெய் பூசாமல் அலமாரியில் வைத்த கேமில் சில வாரங்களில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும்; லோபில் குழி விழுந்த கேமைப் போடக் கூடாது.

பூட்டும்போது கிராங்க், கேம் பற்சக்கரங்களின் குறிகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். டேப்பட்டுகளையும் புதிதாகப் போட்டு, அவற்றின் முகத்திலும் லோபிலும் மாலிப்டினம் பசையைத் தடவுங்கள். ஜிஎக்ஸ்160 கம்பெனி கேமுக்கு, இன்ஜின் குளிர்ந்திருக்கையில் இன்டேக் இடைவெளி 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ.; புதிய கேமுக்கு அதன் தாளில் உள்ளதையே பின்பற்ற வேண்டும். கயிற்றை எளிதாக இழுப்பதற்காகக் கேமில் அமைந்துள்ள கம்ப்ரஷன் ரிலீஸ் எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கிப் பிடித்திருக்கக்கூடும் என்பதால், பிஸ்டன் உச்சியைச் சிறிது தாண்டிய பிறகு இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல், 2000-க்கு மேல் ஏற்றியும் இறக்கியும் இருபது நிமிடம் ஓட்டி, எண்ணெயை மாற்றிவிட வேண்டும். வடித்த எண்ணெயில் காந்தத்தை விட்டு எடுத்து, ஒட்டியிருப்பது மெல்லிய சாம்பல்நிறப் பசையா, விரலில் உறுத்தும் துகளா என்று பாருங்கள். துகளாக இருந்து, வால்வு இடைவெளியும் கூடியிருந்தால் லோப் தேயத் தொடங்கிவிட்டது. மேற்கொண்டு ஓட்டாமல் இன்ஜினைப் பிரிக்க வேண்டும்.