தோட்ட டிராக்டருக்கு டயர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயரின் மேற்பரப்பில் தரையைப் பிடிக்கும் மேடுகளான பட்டன் எவ்வளவு ஆழமோ டயர் அவ்வளவு நல்லது என்று நினைத்துத்தான் பலரும் டயர் வாங்குகிறார்கள். வயலில் ஓடும் பெரிய டிராக்டரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருப்பதுதான் டிராக்டர் டயர். வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டவும் சிறு வேலைகளுக்கும் ஓட்டும் சின்ன தோட்ட டிராக்டரில் இந்தக் கணக்கு பாதி நேரம் தப்பாகப் போகிறது. வண்டி பெரும்பாலும் எதன் மேல் ஓடுகிறது, புல்லா, உழுத மண்ணா, சரளையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டயரின் தோற்றம் அப்புறம்தான்.

பின்சக்கர டயர்களில் முக்கியமாக மூன்று வகை உண்டு. ஆர்-1 என்று குறிக்கப்படுவது உழவு டயர். கட்டைகள் உயரமாகவும் இடைவெளி விட்டும் இருக்கும். ஈர மண்ணிலும் சேற்றிலும் நன்றாகப் பிடிக்கும். ஆர்-3 என்பது புல்தரை டயர். பட்டன் தாழ்வு, தரையைத் தொடும் பரப்பு அதிகம், அதனால் எடை பரவலாக இறங்கும். ஆர்-4 இரண்டுக்கும் நடுவில் வரும். கட்டை தடிமனாகவும் அகலமாகவும், ஆர்-1-ஐ விட உயரம் குறைந்தும் இருக்கும். முன்னால் லோடர் (அள்ளும் வாளி) மாட்டி மண் அள்ளுபவர்கள், கெட்டியான தரையில் அதிகம் ஓட்டுபவர்கள் இதைத்தான் விரும்புவார்கள்.

வாரந்தோறும் புல் வெட்டுவதும் எப்போதாவது டிரெய்லர் இழுப்பதும்தான் வேலை என்றால் ஆர்-1 வீண்செலவு மட்டுமல்ல, கெடுதலும்கூட. நேராகப் போகும் வரை ஒன்றும் தெரியாது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும் இடத்தில் கட்டைகள் புல்லை வேரோடு பிராண்டி எடுத்துவிடும். தரை ஈரமாக இருந்தால் ஒரே திருப்பத்தில் பிறை வடிவில் மண் தெரியும். பிறகு அந்த இடத்தில் புல் திரும்ப வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மறுபக்கமும் உண்டு. புல்தரை டயரோடு உழவுக்கு இறங்கினால் பட்டன் இடைவெளிகளில் மண் அப்பிக்கொண்டு, டயர் வழவழவென்று ஆகி நின்ற இடத்திலேயே சுற்றும்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. புல் வெட்டுவதற்கென்றே செய்த இலகுவான வண்டிகளின் கியர்பெட்டி, கலப்பை இழுக்கும் அளவுக்குப் பலமாகச் செய்யப்பட்டதல்ல. பாரம் மீறும்போது டயர் வழுக்குவதுதான் அதற்கு ஒருவகைப் பாதுகாப்பு. அதில் ஆர்-1 டயரைப் போட்டு, கூடவே எடையையும் ஏற்றினால் வழுக்கல் நின்றுவிடும். அந்தப் பாரம் முழுக்கக் கியர்பெட்டிக்கும் அச்சுக்கும் போகும். டயர் மாற்றிய சில மாதத்தில் கியர்பெட்டி போய்விட்டது என்று புலம்புபவர்கள் இந்தத் தொடர்பை யோசிப்பதில்லை. கலப்பை, மண் தள்ளும் பிளேடு மாதிரி மண்ணைத் தொடும் கருவிகளுக்கு அந்த மாடல் ஏற்றதா என்று கையேட்டில் போட்டிருக்கும். டயருக்குப் பணம் கொடுக்கும் முன் அதைப் புரட்டிப் பாருங்கள்.

அளவு விஷயத்துக்கு வருவோம். டயரின் பக்கவாட்டில் 23×10.50-12 என்று இருந்தால், வெளிவிட்டம் 23 அங்குலம், அகலம் 10.5 அங்குலம், ரிம் 12 அங்குலம். ரிம் அளவு பொருந்துகிறதே, மற்றது கொஞ்சம் கூடினால் என்ன என்று கேட்பார்கள். விட்டம் 23-லிருந்து 24 ஆனாலே சுற்றளவு 4 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அதே கியரில் வண்டி வேகமாகப் போகும், இழுவை குறையும். அச்சு அரை அங்குலம் உயரும். பின்னால் மட்டும் உயர்ந்தால் அடியில் தொங்கும், புல் வெட்டும் கத்திகள் உள்ள டெக் முன்பக்கம் சாய்ந்துவிடும். அகலம் கூடினால் மட்கார்டிலோ டெக்கின் ஓரத்திலோ உரசலாம். பிடிக்காக டயரைச் சுற்றிச் சங்கிலி மாட்டும் எண்ணம் இருந்தால் அதற்கும் இடம் விட வேண்டும். ஒரே அளவு எழுதியிருந்தாலும் இரண்டு கம்பெனி டயர்கள் உயரத்தில் சற்று மாறும். அதனால் ஒரே அச்சில் ஒன்றை மட்டும் மாற்றாமல் ஜோடியாகவே மாற்றுவது நல்லது.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. முன் அச்சும் பின் அச்சும் கியரால் பிணைக்கப்பட்டவை. முன், பின் டயர்களின் சுற்றளவு விகிதத்தைக் கணக்கிட்டுத்தான் அந்த கியர்களைச் செய்திருப்பார்கள். அந்த விகிதம் மாறினால் கெட்டித் தரையில் இரண்டு அச்சும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். டயர் சீக்கிரம் தேயும், பற்சக்கரங்கள் அடிவாங்கும். இதில் சொந்த யோசனையே வேண்டாம். கையேட்டில் உள்ள ஜோடியை மட்டும் போடுங்கள்.

பின் இரு சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் முன் டயரின் வேலை திசை காட்டுவதுதான். அங்கே கட்டை வைத்த டயர் போட்டு இழுவை கூடப்போவதில்லை. புழுதி மண்ணில் நேர்கோட்டில் போக சுற்றிலும் மூன்று வரி மேடாக ஓடும் டயர் உதவும். புல்தரையில் அதே வரிகள் திருப்பத்தில் கோடு கிழிக்கும்.

டயரில் போட்டிருக்கும் பிளை (அடுக்கு) எண்ணைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். 4 பிளை என்றால் உள்ளே நான்கு அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது தாங்கும் பலத்தைக் குறிக்கும் தரம். லோடர் வைத்திருப்பவர்களுக்கு அது கூடுதலாக வேண்டும். வெறும் புல்வெட்டிக்கு எண் கூடக்கூட டயர் விறைப்பாகிச் சவாரி குலுங்கும், வேறு லாபமில்லை.

பிடி போதவில்லை என்று தோன்றினால் என்னைக் கேட்டால் டயரை மாற்றும் முன் எடையைப் பாருங்கள் என்பேன், அதுவும் அந்த வண்டி எவ்வளவு எடைக்குச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டு. ரிம்மில் போல்ட் போட்டு மாட்டும் இரும்பு எடை சுத்தமான வழி. டயருக்குள் தண்ணீர் விடுவதும் உண்டு. வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து அந்த மட்டம் வரை நிரப்பினால் சுமார் முக்கால் பங்கு ஆகும். உறைபனி விழும் இடத்தில் வெறும் தண்ணீர் ஆகாது. அதற்காகக் கால்சியம் குளோரைடு கலந்தால் உறையாது, எடையும் கூடும், ஆனால் ஒரு சொட்டு கசிந்தாலும் ரிம்மைத் துரு தின்றுவிடும்.

சரியான டயரையே வாங்கியிருந்தாலும் காற்றில் கெடுப்பவர்கள்தான் அதிகம். கார் டயருக்கு 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று பழகிய கை, இதற்கும் அப்படியே அடித்துவிடுகிறது. புல்தரை வண்டிகளில் பொதுவாக 10 முதல் 14 பிஎஸ்ஐ தான் கேட்கும். காற்று கூடினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், பிடி குறையும், புல்லில் பள்ளம் விழும். குறைந்தால் சரிவில் ரிம்மை விட்டு டயர் கழன்றுவிடலாம். சோதிக்க எளிய வழி இருக்கிறது. டயரின் குறுக்கே சாக்பீஸால் தடிமனாகக் கோடு போட்டு, சிமென்ட் தரையில் சில மீட்டர் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரத்தில் மட்டும் அழிந்தால் குறைவு. குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதிக அழுத்தம் வரை காட்டும் கேஜில் 10-க்கும் 13-க்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. இடது வலது டயர்களுக்குள் அந்த வித்தியாசம் இருந்தாலே புல் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் வெட்டுப்படும்.

மாட்டும்போது இரண்டு விஷயம். கட்டை டயருக்குத் திசை உண்டு. பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் கட்டைகள் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி மேல்நோக்கிக் கூம்பி நிற்க வேண்டும். அப்போதுதான் மண்ணை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். திருப்பி மாட்டினால் சேறு நடுவில் திரண்டு அப்பிக்கொள்ளும். இரண்டாவது, டயரை ரிம்மில் உட்கார வைக்கத் தீப்பிடிக்கும் ஸ்பிரே அடித்துக் கொளுத்தும் வித்தை. வேடிக்கையாகத் தெரிந்தாலும் ஆளைக் காவு வாங்கக்கூடியது. சோப்புத் தண்ணீர் தடவி, டயரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டாமல், சற்றுத் தள்ளி நின்று காற்று அடியுங்கள். அதற்கும் உட்காரவில்லை என்றால் டயர் கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

பழைய ரிம் என்றால் டயர் உட்காரும் விளிம்பில் துரு இருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் ட்யூப்லெஸ் போட்டால் காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். மாட்டி முடித்ததும் சமதளத்தில் நிறுத்தி, டெக்கின் இரு பக்க உயரத்தையும் அளந்து சரிசெய்யுங்கள். ஓரிரு மணி நேரம் ஓட்டிய பிறகு வீல் நட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள்.