தூண்டிலில் வந்த சால்மனில் புழுவா, புண்ணா? அடையாளம் பார்க்கும் முறை

சால்மனைக் கரையேற்றியதும் முதலில் வால் பக்கம் பாருங்கள். கழிவுத்துளைக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில், தட்டையாக, சட்டைப் பொத்தானில் பாதி அளவுக்கு ஒட்டிக்கொண்டிருப்பது கடல் பேன். பெண் பேனாக இருந்தால் பின்னால் இரண்டு முட்டைச் சரங்கள் நூல்போல் தொங்கும். பேன் என்று பெயர் இருந்தாலும் இது இறால், நண்டு வகையைச் சேர்ந்த உயிர். நன்னீர் இதற்கு ஆகாது. ஆற்றுக்குள் வந்த சில நாளில் முட்டைச் சரம் உதிர்ந்துவிடும், அப்புறம் பேனும் விழுந்துவிடும். அதனால் ஆற்றில் பிடித்த மீனில் சரத்தோடு பேன் இருந்தால் அது கடலைவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறது என்று அர்த்தம். நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத் தாராளமாகச் சமைக்கலாம்.

அடுத்து செவுள் மூடியைத் தூக்குங்கள். செவுள் இழைகளின் நுனியில் வெள்ளையாக அரிசிபோல் தொங்குபவை செவுள் புழுக்கள். இவையும் பேனின் தூரத்து உறவுதான். ஆனால் இவை மீனைத் தொற்றிக்கொள்வது நன்னீரில். கடலுக்குப் போனாலும் உதிராமல் கூடவே போகும். ஆகவே ஓர் அட்லாண்டிக் சால்மனில் கடல் பேனும் செவுள் புழுவும் சேர்ந்திருந்தால், அந்த மீன் முன்பே ஒருமுறை முட்டையிட்டு, கடலுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அத்தனை தூரம் தப்பிப் பிழைத்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவதுதான் நியாயம்.

தலை, துடுப்பு, வால் அடியில் சாம்பல் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருந்தால் சப்ரோலெக்னியா என்ற நீர்ப்பூஞ்சை. தண்ணீருக்குள் பஞ்சாகத் தெரிவது, வெளியே எடுத்ததும் ஈரச் சேறுபோல் படிந்துவிடும். தோலின் வழவழப்பு எங்கே போய்விட்டதோ அங்கேதான் பிடிக்கும். உலர்ந்த கையால் பிடிப்பதும், முடிச்சு வலையில் புரள விடுவதும், கூழாங்கல்லில் கிடத்துவதும் அதற்கு வழி திறந்துவிடுகின்றன. விடப்போகிற மீன் என்றால் கையை நனைத்துக்கொண்டு, முடிச்சில்லாத வலையில், தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள்.

கழிவுத்துளை வீங்கிச் சிவந்து ரத்தம் கசிந்தால் அங்கே அனிசாகிஸ் உருண்டைப்புழுக்கள் கூட்டமாகச் சுருண்டிருக்கின்றன. பார்க்கப் பயமாக இருந்தாலும் ஆற்றில் இந்தப் புண் பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் விலாவில் கொப்புளம் எழும்பி, அமுக்கினால் ரத்தம் கலந்த சீழ் வந்தால், அது பாக்டீரியாவால் வரும் கொப்புள நோயாக இருக்கலாம். அந்த மீனைத் தின்ன வேண்டாம். கழிவை ஆற்றில் வீசாதீர்கள். படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள்.

வயிற்றைத் திறந்தபின்

கழிவுத்துளையிலிருந்து தொண்டைவரை, கத்தி முனை குடலைக் குத்தாதபடி மேலாகக் கீறுங்கள். இதைப் பிடித்த உடனே செய்ய வேண்டும். மீன் செத்தபின் குடலைச் சுற்றியிருக்கும் அனிசாகிஸ் புழுக்களில் சில சதைக்குள் நகரக்கூடும். குடலை எடுத்ததும் உட்புறத்தைக் கழுவி, வயிற்றுக்குள்ளும் ஐஸ் போட்டு மூடுங்கள்.

ஈரல் மேலும் குடல்மேலும் கைக்கடிகாரச் சுருள்வில்போல் தட்டையாகச் சுருண்டிருப்பவைதான் அனிசாகிஸ். கத்தி நுனியால் நீட்டினால் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வரும். சதையில் அதிகம் தங்குவது வயிற்றோரம். அந்த மெல்லிய ஓரத்தை வெட்டி எறிந்துவிடலாம். மீதித் துண்டை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தடித்த துண்டில் ஆழத்தில் இருப்பது இதில் தெரியாது, ஆகவே இதை மட்டும் நம்பிப் பச்சையாகத் தின்னக் கூடாது.

பசிபிக் சால்மனில் இன்னொன்று உண்டு: நாடாப்புழுவின் இளநிலை. சுருளாமல், வெளிறி, மென்மையாகச் சதைக்குள் கிடக்கும். கொழுப்பு என்று நினைத்து விட்டுவிடுவது சுலபம். மனிதக் குடலில் பல மீட்டர் நீளத்துக்கு வளரும்.

இரண்டையும் கொல்ல நம்பகமான வழி சூடும் குளிரும்தான். துண்டின் மிகத் தடித்த இடத்தில் வெப்பமானி 63 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்பதென்றால் முதலில் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் கல்லாக உறைந்தபின் 15 மணி நேரம் வைக்க வேண்டும். வீட்டு ஃப்ரீசர் பல மைனஸ் 20ஐத் தொடுவதே இல்லை. உள்ளே ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்துவிட்டு நாளை எண்ணத் தொடங்குங்கள். முழு மீனாகப் போட்டால் நடுப்பகுதி உறைய நேரமாகும், துண்டாக்கிப் போடுங்கள். எலுமிச்சை, வினிகர், லேசான உப்பு, குளிர்ப்புகை எதையும் நம்ப வேண்டாம். இரைப்பை அமிலத்திலேயே உயிரோடிருக்கும் புழுவுக்கு எலுமிச்சைச் சாறு எம்மாத்திரம்? அனிசாகிஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் செத்த புழுவும் தொந்தரவு தரலாம். பச்சை மீன் தின்ற சில மணி நேரத்தில் கடும் வயிற்றுவலி வந்தால், என்ன தின்றீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். குழாய்க் கேமரா வழியே புழுவைப் பிடித்து எடுத்துவிட முடியும்.

பலரும் அருவருத்து முழு மீனையும் எறிவது வேறொன்றைக் கண்டு. துண்டு போடும்போது சதையில் வெள்ளைக் கட்டி உடைந்து பால்போல் ஒழுகும். இது ஹென்னெகுயா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி. மனிதருக்கு எந்தத் தீங்கும் செய்யாது. கட்டியைச் சுற்றி வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாம். நிறைய இருந்தால் சதை குழைந்துவிடும், அப்போது விட்டுவிடலாம். செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் உறுப்பு மைட்டோகாண்ட்ரியா. ஜெல்லிமீனுக்குத் தூரத்து உறவான இதற்கு அந்த மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் தொகுதியே இல்லை என்று 2020இல் கண்டறிந்தார்கள். ஆக்சிஜனைச் சுவாசிக்காத விலங்கு உங்கள் வெட்டுப்பலகையில் கிடக்கிறது!

வட அமெரிக்காவின் யூகான் ஆற்றில் பிடித்த சினூக் (பசிபிக் சால்மனில் ஒரு வகை) என்றால் இதயத்தையும் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் நிறைந்திருந்தால் அது இக்தியோஃபோனஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். மனிதருக்குத் தொற்றாது, ஆனால் கடுமையாகத் தாக்கிய மீன் புகைபோட்டு உலர்த்தினால் சரியாகக் காயாது.

வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் நாய்க்குப் பச்சை சால்மனோ அதன் குடலோ போடவே போடாதீர்கள். அங்குள்ள மீனில் ஒரு தட்டைப்புழு, அதற்குள் ஒரு பாக்டீரியா. நாயின் உடலுக்குள் போனால், ஒரு வாரம் போலக் கழித்து வாந்தி, பேதி, காய்ச்சல் வரும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான நாய்கள் செத்துவிடும். கழிவு வாளியை மூடி வையுங்கள்.

கிளம்புமுன் கருவிகள். கைரோடாக்டிலஸ் சலாரிஸ் என்ற புழு அரை மில்லிமீட்டர்தான். 1970களிலிருந்து நார்வேயில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆறுகளில் சால்மன் குஞ்சுகளை அழித்தது. ஈர வலையிலும் காலுறையிலும் சில நாள் உயிரோடிருக்கும். அடுத்த ஆற்றுக்குப் போகுமுன் வலை, காலணி, மீன்பை எல்லாவற்றிலும் சேறு கழுவி, 3 சதவீத உப்புக் கரைசலில், அதாவது 10 லிட்டருக்கு 300 கிராம், 10 நிமிடமாவது ஊறவையுங்கள். பிறகு 20 டிகிரிக்குக் குறையாத இடத்தில் 2 நாள் காயட்டும். காலணியின் கம்பளி அடிப்பாகம் கடைசியாகத்தான் காயும். விரலால் அமுக்கி ஈரம் கசிகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.