முதல் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போவது எப்படி?

குடியை விடவேண்டும் என்று நினைத்து, கூட்டம் நடக்கும் தெரு வரைக்கும் வந்துவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததால் வரும் பயம் அது. தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். அதனால் குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. குழுவைக் கண்டுபிடிப்பதிலிருந்து அடுத்த வாரம் மறுபடி போவது வரை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் டாக்டர்

தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கு அடுத்த நாட்களில் இல்லாத ஆள் தெரிவது, இல்லாத குரல் கேட்பது, இடம் நேரம் குழம்புவது என்று போனால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் வீட்டிலேயே சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே வேண்டாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், தமிழிலும் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

ஏ.ஏ. மருத்துவமனை அல்ல, மருந்தும் தருவதில்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு, மறுபடி டாஸ்மாக் வாசலில் போய் நிற்காமல் இருப்பதற்குத்தான் குழு.

2. குழுவைத் தேடுவது

இந்திய ஏ.ஏ.வின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். சிகிச்சை எடுத்த இடத்திலும் கேளுங்கள். பக்கத்தில் எந்தக் குழு எந்தக் கிழமை கூடுகிறது என்று பெரும்பாலும் அங்கே தெரிந்திருக்கும். ஓப்பன் மீட்டிங் என்றால் குடும்பத்தாரும் வரலாம். குளோஸ்டு மீட்டிங் என்றால் குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும்.

முகவரி பல நேரம் சர்ச் வளாகமாகவோ பள்ளிக்கூடமாகவோ இருக்கும். அதைப் பார்த்து மதமாற்றமோ என்று சந்தேகப்படாதீர்கள். இடம் கிடைத்த இடத்தில் கூடுகிறார்கள், அவ்வளவுதான், ஏ.ஏ. எந்த மதத்தையும் கட்சியையும் சேர்ந்ததல்ல.

3. ஒரு போன்

கொடுத்திருக்கும் எண்ணைக் கூப்பிட்டு, “குடியை நிறுத்தணும், மீட்டிங்குக்கு வரலாமா?” என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் எதிர்முனையில் இருப்பவரும் ஒரு காலத்தில் குடித்துச் சீரழிந்து மீண்டவர்தான். பேர், வேலை, சம்பளம் எதையும் விளக்கத் தேவையில்லை. தனியாக வரத் தயக்கமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். வாசலில் வந்து அழைத்துப்போகச் சொல்லிக் கேட்கலாம். பெண்கள், தங்களுக்கென்று கூட்டம் இருக்கிறதா, வேறு பெண்கள் வருகிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பக்கத்தில் இல்லையென்றால் ஆன்லைன் கூட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

4. உள்ளே போனால்

பத்து நிமிஷம் முன்னதாகப் போங்கள். சுற்றி நாற்காலிகள், சுவரில் ‘பன்னிரண்டு படிகள்’ என்ற ஏ.ஏ.வின் மீட்சி வழிகள் எழுதிய பட்டியல், ஒரு ஓரத்தில் டீ. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நடக்கும். பிரார்த்தனையோடு தொடங்குவார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் பேசாமல் நிற்கலாம், யாரும் வற்புறுத்தக்கூடாது.

பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். “என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கி, எப்படிக் குடித்தேன், என்ன இழந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்று சொல்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. வீட்டிலும் ஆபீஸிலும் திட்டு மட்டுமே வாங்கி வந்த ஒரு மனிதனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அங்கே உட்கார்ந்தால்தான் உணரமுடியும். உங்கள் முறை வந்தால் “இன்னைக்குக் கேட்க மட்டும் வந்தேன்” என்றால் போதும். சொந்தப் பெயர்கூடக் கட்டாயமில்லை. அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. இது உங்களுக்கும் பொருந்தும்.

உண்டியல் சுற்றி வரும். கட்டணம் கிடையாது, புதியவர்கள் எதுவும் போடவேண்டியதில்லை. உறுப்பினராவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம். அன்றைக்குக் குடித்துவிட்டிருந்தாலும், அமைதியாக உட்கார முடியுமென்றால் போங்கள்.

5. முடிந்த பிறகு

உடனே கிளம்பிவிடாதீர்கள். கேட்டதில் யாருடைய கதை உங்கள் கதை மாதிரி இருந்ததோ அவரிடம் போய் எண் வாங்குங்கள். சாயங்காலம் மனசு கடைப்பக்கம் இழுக்கும்போது கூப்பிட அந்த எண் வேண்டும். பின்னால், உங்களை வழிநடத்த ஒரு ஸ்பான்சரைத் தேர்ந்தெடுக்கலாம்; ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் என்பது வழக்கம். ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்டவேண்டாம். குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் மாறும். பிடிக்கவில்லையென்றால் இன்னொரு குழுவுக்குப் போய்ப் பாருங்கள். நடுவில் குடித்துவிட்டாலும் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், யாரும் துரத்தமாட்டார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

குடிக்கிறவர் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் உங்களுக்கென்று அல்-அனான் குழு இருக்கிறது. 1951 முதல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக இயங்குகிறது. ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: குடியை நிறுத்தும் மாத்திரை என்று யாரோ கொடுத்ததை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்காதீர்கள். அது டைசல்ஃபிரம் என்ற மருந்தாக இருந்து, அதன்மேல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அந்த மருந்தை அவரே சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுத்துத்தான் சாப்பிடவேண்டும்.