வேலை பார்த்துக்கொண்டே டிகிரி: பணம் கட்டுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

மதுரையில் வேலையை விடாமல் டிகிரி படிக்க வழி உண்டு. நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டினால் காமராசர் பல்கலைக்கழகம், இங்கேயே மண்டல மையம் வைத்திருக்கும் இக்னோ (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று மூன்று பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். ஆனால் பெரிய தவறுகள் பரீட்சை ஹாலில் நடப்பதில்லை. சேருகிற அன்றைக்கே நடந்துவிடுகின்றன.

முதலாவது, பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுச் சேருவது. யூஜிசி என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தருவது படிப்பு வாரியாக. பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகத் தருவதில்லை. எனவே நீங்கள் சேரும் பருவத்தில், நீங்கள் சேரும் அதே படிப்பு பட்டியலில் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். இன்ஜினியரிங், நர்சிங், சட்டம் எல்லாம் அஞ்சல் வழியில் கிடையாது; தருகிறோம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ‘ஒரே வருஷத்தில் டிகிரி’ என்பதும் அப்படித்தான். இளங்கலைக்கு மூன்று வருஷம் ஆகும். வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் உங்கள் தெருவில் தொலைநிலை மையம் நடத்தவும் விதி இடம் தராது. பணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள், ரசீது உங்கள் பெயரில் வர வேண்டும்.

எனக்கு மிகவும் வலிப்பது அடுத்த தவறு. பத்தாம் வகுப்போடு நின்றவர்கள், பிளஸ் டூ எழுதாமலே முன்தயாரிப்புப் படிப்பு வழியாக நேராக டிகிரியில் சேர்ந்துவிடுகிறார்கள். அறிவுக்காகப் படித்தால் அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தமிழக அரசு வேலையோ பதவி உயர்வோ நோக்கமாக இருந்தால், 2009-இல் வந்த அரசாணை எண் 107 குறுக்கே நிற்கும். பத்து, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசை அதற்கு வேண்டும். மூன்று வருஷம் ராத்திரி முழிப்பு முழித்து வாங்கிய சான்றிதழை, சரிபார்ப்பு நாளில் திருப்பிக் கொடுத்தால் மனசு என்ன ஆகும்? முதலில் தனித்தேர்வராக பிளஸ் டூவை முடியுங்கள். வரிசை சரியாக இருந்தால், அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டமும் ஒன்றுதான் என்று யூஜிசியே 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பெண்களுக்குப் பெரும்பாலும் வருகிற சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து, ஆதாரில் கணவர் பெயர் முழுசாக. இப்போது சேருவதற்கே, ஆதாரோடு இணைந்த ஏபிசி எண்ணும் (படிப்பில் சேரும் கிரெடிட்டுகளைப் பதிந்து வைக்கும் கணக்கு எண்), யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டெப் ஐடியும் வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். கடைசி தேதிக்கு இரண்டு நாள் முன்னால் இ-சேவை மையத்தில் போய் நின்றால் நடக்காது. சேர வேண்டும் என்று முடிவு செய்த வாரமே பெயரைத் திருத்தக் கொடுத்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகு ஆளைக் கவிழ்ப்பது, வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட். இக்னோவில் பெரும்பாலான பாடங்களுக்கு மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்குத்தான். பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும். அசைன்மென்ட் கடைசி தேதி வழக்கமாக அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால். விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் நிற்பவருக்கு அது எப்படிப்பட்ட நேரம் என்று பாருங்கள்: ஒன்று சித்திரைத் திருவிழாவை ஒட்டி, மற்றொன்று தீபாவளி வியாபாரத்தை ஒட்டி. ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடைக்காது. ஆகவே பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் எழுதி முடித்துவிடுங்கள். அந்தப் பருவத்துக்கான கேள்வித்தாளைத்தான் எடுக்க வேண்டும். போன வருஷக் கேள்விக்கு எழுதியது செல்லாது. நேரில் கொடுத்தால் சீல் போட்ட ஒப்புகையை வாங்கிப் போட்டோ எடுத்து வையுங்கள். மதிப்பெண் ஏறாமல் போனால் கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான்.

ஒன்றிரண்டு பேப்பர் போய்விட்டது என்று படிப்பையே விட்டுவிடுவதும் நிறைய நடக்கிறது. இக்னோவில் மூன்று வருஷ பி.ஏ.வை முடிக்க ஆறு வருஷம் வரை அவகாசம் உண்டு. போன பேப்பருக்கு மட்டும் பரீட்சைக் கட்டணம் கட்டித் திரும்ப எழுதலாம். ஆறு வருஷமும் தாண்டிவிட்டாலும், மீதிப் பாடங்களுக்கு மறுசேர்க்கை கேட்டு விண்ணப்பிக்கலாம்.